வினையும் வேளையும்

செயல் ஒன்று, செய்பவன் ஒருவன், நோக்கமும் ஒன்று. இம்மூன்றும் மாறாதிருக்க, வேளை மட்டும் மாறிவிட்டால் அச்செயலின் அறத்தன்மையும் மாறிவிடுமா? இவ்வினா வாதத்தின் பொருட்டு எழுப்பப்படுவதன்று. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் வாழும் நமக்குச் சோறு போடும் தொழிலோடும், அவ்வப்போது நம் ஊர்களைக் கண்ணீரில் ஆழ்த்தும் துயரத்தோடும் பிணைந்த வினா இது. எனினும் இதனை நெருப்பிலிருந்து தொடங்காமல் பனியிலிருந்து தொடங்குவோம். தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போது கண் தெளிவாக இருக்கும். அருகில் உள்ளதைப் பார்க்கையில் வழக்கமும் இலாபமும் உறவும் குறுக்கே வந்து நிற்கும்.

அரபு இலக்கணத்தில் காலத்தையும் இடத்தையும் குறிக்கும் சொற்களுக்கு 'ளர்ஃபு' என்று பெயர். அதன் நேர்ப்பொருள் பாத்திரம் என்பதாகும். நீர் பாத்திரத்தில் நிற்பது போல, ஒவ்வொரு வினையும் ஒரு காலத்திலும் ஓர் இடத்திலும் நிற்கிறது என்பது இலக்கண ஆசிரியர்களின் கருத்து. நம் நன்னூலாரும் வினைக்கு வேண்டும் கூறுகளுள் நிலத்தையும் காலத்தையும் சேர்த்தே எண்ணினார். வள்ளுவர் பெருந்தகையோ காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே இடனறிதலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். பாத்திரம் மாறினால் உள்ளிருக்கும் பண்டம் கெடும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். புளிக்குழம்பைப் பித்தளைப் பாத்திரத்தில் யாரும் வைப்பதில்லை.

இனிப் பனிக்கு வருவோம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் குளிர்காலம் கழிந்து இளவேனில் தோன்றும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் ஒரு வகைப் பயணம் உண்டு. அடியில் மயிர்ப்பட்டை ஒட்டிய சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, இயந்திர இழுவையின் துணையின்றித் தம் காலாலேயே மலையேறி, உச்சியில் பட்டையை உரித்து, சறுக்கிக் கீழிறங்குவர். வெயில் ஊர்க்காரர்களாகிய நமக்குப் பனி என்றாலே ஒரே பொருளாகத் தோன்றும். அவர்களுக்கோ அது வேளைக்கு வேளை வேறு பொருள்.

இரவில் வானம் மேகமின்றித் தெளிந்திருந்தால், பகலில் உருகிய பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு விட்டு உறைந்து இறுகுகிறது. விடியலில் அது கல்லைப் போல ஆளைத் தாங்கும். கதிரவன் ஏறியதும் மேலே ஓரிரு விரற்கடை மட்டும் இளகி, அரிசிக் குருணை போன்ற மணிகளாகிறது. சறுக்குவோர் விரும்பிக் காத்திருப்பது அந்தப் பொழுதுக்காகத்தான். அதன்பின் நெடுநேரம் செல்வதில்லை. உருகிய நீர் உள்ளே இறங்கி, மணிகளுக்கிடையே உள்ள பிணைப்பை அறுக்கிறது. முதலில் கணுக்கால் புதைகிறது. பின்னர் முழங்கால் புதைகிறது. சில வேளைகளில் சரிவு முழுவதுமே பெயர்ந்து, ஈரப் பனிச்சரிவாகி, எதிர்ப்பட்டதையெல்லாம் அமுக்கிக்கொண்டு இறங்குகிறது. கிழக்கு நோக்கிய சரிவு முதலில் இளகும், பின்னர் தெற்கு, அதன்பின் மேற்கு. ஆதலால் அறிந்தவர்கள் சுபுஹுக்கு முன்பே புறப்பட்டு, முற்பகலில் உச்சியைத் தொட்டு, ளுஹருக்கு முன் கீழே வந்துவிடுவர். இரவில் மேகம் மூடியிருந்தாலோ அது போர்வையாகி வெப்பத்தை வெளியே விடாது, பனியும் இறுகாது. அத்தகைய நாளில் விடியற்காலையே நண்பகலுக்குச் சமம். அன்று புறப்படாமல் இருப்பதே அறிவு.

இந்த அறிவு ஒரு நாளில் வந்ததன்று. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பனியையும் பனிச்சரிவையும் ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. பனிச்சரிவின் அபாயத்தை அறிவிக்க ஐந்து படிகள் கொண்ட பொது அளவு ஒன்றை ஐரோப்பிய நாடுகள் 1993இல் வகுத்துக்கொண்டன. ஆயினும் அறிந்தோரையும் இறுதிப் பருவம் ஏமாற்றுகிறது. 2018 ஏப்ரல் 29ஆம் நாள் சுவிஸ் ஆல்ப்ஸில் பீன் தரோலா என்னும் சிகரத்தருகே சறுக்குப் பயணிகள் 14 பேர் புயலில் சிக்கி, இரவைத் திறந்த வெளியில் கழித்தனர். அவர்களுள் 7 பேர் மாண்டனர். தங்கும் விடுதியோ சில நூறு மீட்டர் தொலைவில்தான் இருந்தது. இளவேனில் என்று நாட்காட்டி கூறிற்று. மலை அதனை ஒப்பவில்லை.

குளிர்காலத்தின் கடைசியில் வரும் சில நாட்களுக்கு அரபு மக்கள் 'பர்துல் அஜூஸ்', அதாவது கிழவியின் குளிர், என்று பெயரிட்டனர். அப்பெயருக்கு மொழியறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று சுவையானது. குளிர் இன்னும் போகவில்லை என்று ஒரு கிழவி தன் கூட்டத்தாரை எச்சரித்தாளாம். அவர்கள் செவிசாய்க்காமல் ஆடுகளின் மயிரைக் கத்தரித்துவிட்டனர், மந்தை அழிந்தது. அறிந்தவளின் சொல் அங்கே இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

இப்போதோ கிழவியின் கணக்கே தவறும் காலமாகிவிட்டது. ஆல்ப்ஸின் தாழ்ந்த பகுதிகளில் பனி மூடியிருக்கும் நாட்கள் குறைந்து வருகின்றன. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2021 பிப்ரவரியிலும் 2022 மார்ச்சிலும் ஸஹாராப் பாலைவனத்துப் புழுதி காற்றிலேறிச் சென்று ஆல்ப்ஸ் பனியின்மேல் படிந்தது. வெண்பனி கதிரொளியைத் திருப்பி அனுப்பும். புழுதி படிந்த பனி அதனை உறிஞ்சி விரைந்து உருகும். ஆப்பிரிக்க மணல் ஐரோப்பியப் பனியின் வேளையை மாற்றிவிடுகிறது. 2022 ஜூலை 3ஆம் நாள் இத்தாலியின் மர்மலாடா மலையில் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து வீழ்ந்து 11 பேரைப் பலிகொண்டது. தந்தையின் அனுபவம் மகனுக்கு அப்படியே உதவாத நிலை இது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. காஷ்மீரில் டிசம்பர் 21இல் தொடங்கும் கடுங்குளிரின் நாற்பது நாட்களுக்குச் 'சில்லா-இ-கலான்' என்று பெயர். அந்நாட்களில் விழும் பனிதான் கோடையில் ஆறாகவும் ஊற்றாகவும் மாறுவது. 2024 ஜனவரியில் குல்மர்க்கின் புல்வெளிகள் பெரும்பாலும் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகள் பனியின்மையால் தள்ளி வைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. வறண்ட நாட்களில் கிடக்கும் மெல்லிய பனி உள்ளே உதிரியாகிவிடும். அதன்மேல் பின்னர் பெருமழை போல் புதுப்பனி விழுந்தால், உதிரிமாவின்மேல் கல் ஏற்றியது போலாகும். மேலே பார்ப்பவனுக்கு இரண்டும் வெண்மைதான்.

குல்மர்க்கில் 2023 பிப்ரவரி 1ஆம் நாள் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர் இருவரும், 2024 பிப்ரவரி 22ஆம் நாள் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தனர். அதே மலைச்சாரலில் 2010 பிப்ரவரி 8ஆம் நாள் பயிற்சியில் இருந்த நம் இராணுவத்தினர் 17 பேர் புதையுண்டனர். முன்னவர்கள் இன்பம் தேடி விரும்பி ஏறியவர்கள். பின்னவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சென்றவர்கள். பனி இருவரையும் வேறுபடுத்தவில்லை. அறநூல் வேறுபடுத்தியே ஆக வேண்டும்.

ஏனெனில் துணிவு என்பது ஒரே நிறமுடையதன்று. கி.பி. 1030இல் மறைந்த அறிஞர் இப்னு மிஸ்கவைஹி தம் 'தஹ்தீபுல் அக்லாக்' நூலில், கிரேக்க அறிஞர்களைத் தழுவி, வீரத்தை இரு தீமைகளுக்கு நடுவில் வைத்தார். ஒரு பக்கம் 'ஜுப்னு' என்னும் கோழைத்தனம். மறு பக்கம் 'தஹவ்வுர்' என்னும் கண்மூடித்தனம். நடுவில் நிற்பதே 'ஷுஜாஅத்'. அந்த நடு எங்கே இருக்கிறது என்பதை வேளை அல்லவா முடிவு செய்கிறது! விடியலில் சரிவில் இறங்குபவன் வீரன். அதே சரிவில் நண்பகலில் இறங்குபவன் கண்மூடி. உச்சிக்கு நூறு கஜம் இருக்கையில் கதிரவனைப் பார்த்துத் திரும்பி விடுபவனைக் கோழை என்று உலகம் ஏசலாம். உண்மையில் நடுவில் நிற்பவன் அவனே.

"மரணத்திற்கு வேளை குறிக்கப்பட்டிருக்க, மனிதன் வேளை பார்த்து ஆவதென்ன?" என்று சிலர் கேட்பர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் செல்லும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்று, பலரிடமும் ஆலோசித்துத் திரும்ப முடிவு செய்தபோது, அபூஉபைதா (ரலி) அவர்கள் எழுப்பியதும் இதே வினாதான். உமர் (ரலி) அவர்கள் தாம் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின்பால் செல்வதாகவே விடை கூறி, ஓர் உவமையும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையாகவும் மறு சரிவு வறண்டும் இருக்க, ஒட்டகம் மேய்ப்பவன் எதில் மேய்த்தாலும் அது இறைவனின் ஏற்பாட்டுக்கு உட்பட்டதே என்பது அதன் கருத்து. மேய்ப்பவனுக்குச் சரிவைத் தேரும் கண் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதனை மூடிக்கொள்வதற்குத் தவக்குல் என்று பெயரிடலாகாது.

நம் மலைக்கு வருவோம். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. ஆல்ப்ஸில் பனி இளகும் அதே மார்ச்சில் நம் மலைகளில் புல் காய்ந்து திரியாகிறது. அதன்பின் அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட நாற்பது மலைப்பாதைகள் 2025 பிப்ரவரி நடுவில் காட்டுத்தீப் பருவத்தை முன்னிட்டு மூடப்பட்டன. பாதையை மூடுவதும் ஓர் அறச்செயலே.

இனி நம் அறைகளுக்குள் நுழைவோம். வெயில் ஏறுமுன் மருந்துக் கலவையை முடித்துவிட வேண்டும் என்பதும், மீந்த கலவையை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பதும் பட்டாசுத் தொழிலில் மூத்தோர் அறிந்த பாடங்கள். அலுமினியத் தூள் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும். மணி மருந்தில் சிறு உராய்வு போதும். விடியலில் சாதுவாக இருந்த மருந்து பிற்பகலில் வேறு பொருளாகி நிற்கிறது. பனிக்கு என்ன விதியோ அதுவே இதற்கும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர், வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கம்பக்கத்தார். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். இவ்விரு நாட்களின் காரணங்களை ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் ஆராய வேண்டியது வேறொன்று.

வேளையை அறியாதவர் இங்கு எவருமில்லை. போர்மேன் அறிவார்; பத்தாண்டு திரி சொருகிய பெண் அறிவாள். அறிந்தும் ஏன் திரும்புவதில்லை? திரும்புவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுப்பது என்பதே உண்மையான வினா. ஆல்ப்ஸில் திரும்புகிறவன் இழப்பது ஒரு நாள் இன்பத்தை. குல்மர்க்கில் பனி பார்த்துப் பாதை மூடினால், சுற்றுலாப் பயணி விடுதிக்குத் திரும்பித் தேநீர் அருந்துவான். சறுக்கு வண்டி இழுப்பவனும் குதிரைக்காரனும் அன்றைய கூலியை இழப்பர். நம் ஊரில் எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குபவள் "இன்று வெயில் கடுமை, போதும்" என்று எழுந்தால், அன்றிரவு அவள் வீட்டு உலையில் அரிசி குறையும். தீபாவளி நெருங்கும்போது கணக்கு இன்னும் இறுகும். ஆலை உள்குத்தகைக்குப் போயிருந்தால் கேட்பதற்கே ஆளிராது. அத்தகையவளிடம் "எச்சரிக்கையாக இரு" என்று எழுதி ஒட்டுவது அறிவுரை ஆகாது. விலையை அவள் தலையில் வைத்துவிட்டு, அறத்தை நாம் எடுத்துக்கொள்வதாகும்.

ஆகவே முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: வேளை மாறினால் செயலின் அறமும் மாறும். ஆனால் அந்த மாற்றத்தின் சுமை எல்லார் மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. தன் உயிரை மட்டும் வைத்து ஏறுபவன் தனக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். பிறரை அழைத்துச் செல்பவன் அமானிதம் சுமப்பவன். வேளை அறிவதும் "திரும்புவோம்" என்று முதலில் சொல்வதும் அவன் கடமை. வேறு வழியின்றி வந்தவர்களின் கையில் வேலையைக் கொடுப்பவனுக்கோ அதற்கும் மேலான கடமை ஒன்று உண்டு: திரும்பும் நாளின் கூலியையும் கொடுப்பது.

நம்முள் ஆலை நடத்துவோர் உளர். வாங்கி விற்போர் உளர். அறையில் அமர்ந்து மருந்தைத் தொடுவோரும் உளர். வெயில் கடுத்த நாளிலும் மழை ஈரம் ஏறிய நாளிலும் வேலையை நிறுத்தி, அரை நாள் கூலியையேனும் குறையாமல் கொடுக்கும் வழக்கத்தை ஒரே ஓர் ஆலை தொடங்கினாலும் போதும். அந்த ஆலையில் எழுந்து நின்று "இன்று போதும்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு நா வரும். கிழவியின் சொல்லைக் கேட்கும் ஊராக நாம் ஆவது அந்த நாளில்தான்.