யாருடைய பணத்தில் இலவசம்?

பிரிட்டனில் அன்றாட வங்கிக் கணக்குக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. இருப்பில் பணம் உள்ளவரை போடுவதற்கும் எடுப்பதற்கும் அனுப்புவதற்கும் வங்கி எதையும் கேட்பதில்லை. இருப்பு தீர்ந்த பிறகும் சிறிது தூரம் தாங்கிக்கொள்ளும். அப்படி இருப்பைத் தாண்டி எடுக்கும் பணம்தான் ஓவர்டிராஃப்ட். முன்கூட்டியே கேட்டு வரம்பு வாங்கியிருந்தால் அது அனுமதி பெற்றது. கேட்காமலோ வரம்பையும் மீறியோ கணக்கு இறங்கினால் அனுமதியற்றது. இந்த இரண்டாம் வகைக்கு வங்கிகள் பல ஆண்டுகள் கடுமையான கட்டணம் வசூலித்தன. 2020-இல் ஒரு விதி அதை நிறுத்தியபோது, வரம்புக்குள் நின்று கடன் வாங்கிவந்தவர்கள் கொதித்தார்கள். அந்தக் கட்டணத்துக்கும் இந்தக் கொதிப்புக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: பலர் துய்க்கும் வசதியின் செலவைச் சிலருடைய தட்டுப்பாட்டிலிருந்து எடுப்பது அறமா?

வங்கியின் தரப்பை முதலில் கேட்க வேண்டும். வரம்பை மீறியவர் வாக்கை மீறியவர். கட்டண விவரம் கணக்குத் தொடங்கும்போதே தரப்பட்டது; அவரும் ஒப்புக்கொண்டார். மீறலுக்கு விலை இல்லை என்றால் யாரும் வரம்பை மதிக்கமாட்டார்கள். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சொன்ன சொல்லைக் காப்பது கடன் வாங்கியவருக்கும் உள்ள கடமை.

ஆனால் தவறின் அளவுக்கும் தண்டனையின் அளவுக்கும் பொருத்தம் வேண்டும். சம்பளம் வெள்ளிக்கிழமை வருகிறது. மின்கட்டணத்தைக் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கும் டைரக்ட் டெபிட், வியாழக்கிழமையே பணத்தை எடுத்துவிடுகிறது. இடையில் இருப்பது ஒரு நாள். நூறு பவுண்டை அனுமதியின்றி எடுத்ததற்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு வரை கட்ட நேர்ந்தவர்கள் உண்டு. வங்கிக்கு உண்மையில் ஏற்பட்ட செலவோடு இத்தொகைக்குத் தெளிவான தொடர்பு இல்லை. சில கணக்குகளில் இந்தச் செலவு, அடுத்த சம்பளம் வரை தரப்படும், அதிக வட்டிக்குப் பெயர்போன பேடே கடன்களைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக இருந்தது என்று பிரிட்டனின் நிதிச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் நிதி நடத்தை ஆணையமே கண்டறிந்தது.

ஒழுங்குக்காகவே கட்டணம் என்ற வாதம் இன்னொரு கணக்கில் உடைகிறது. 2017-இல் வங்கிகள் ஓவர்டிராஃப்ட் மூலம் பெற்ற வருவாய் 240 கோடி பவுண்டுக்கும் மேல். அதில் ஏறத்தாழ 30 சதவீதம் அனுமதியற்ற வகையிலிருந்து வந்தது. 2016-இல் அந்த அனுமதியற்ற வகைக் கட்டணத்தில் பாதிக்கும் மேற்பட்டதைக் கட்டியவர்கள், வாடிக்கையாளர்களில் வெறும் 1.5 சதவீதத்தினர். அதே ஆட்கள் மீண்டும் மீண்டும் கட்டியிருக்கிறார்கள். தவறைத் தடுப்பதற்கான தண்டனை வெற்றி பெற்றால் அதன் வசூல் குறைய வேண்டும். ஆண்டுதோறும் அந்த வசூலை வருமானமாக எதிர்பார்க்கும் நிறுவனம், தவறு நடக்கக் காத்திருக்கிறது என்றே பொருள்.

இக்கட்டணங்கள் நீதிமன்றத்துக்கும் போயின. நுகர்வோர் நலனைக் காக்கும் அன்றைய அரசு அமைப்பான நியாய வர்த்தக அலுவலகம் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2009 நவம்பரில் வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இவை கணக்குச் சேவை முழுவதற்குமான விலையின் ஒரு பகுதி. எனவே விலை தகுமா என்று அன்றைய நுகர்வோர் விதிகளின்படி ஆராய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கட்டணம் நியாயமானது என்று அது சொல்லவில்லை. ஆனால் அந்தத் தர்க்கமே உண்மையை வெளிப்படையாக்கியது: இருப்பு வைத்திருப்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் சேவையின் விலையில் ஒரு பங்கை, இருப்பு இல்லாதவர் கட்டிக்கொண்டிருந்தார்.

2019 ஜூனில் ஆணையம் புதிய விதிகளை அறிவித்தது. 2020 ஏப்ரல் 6 முதல், ஓவர்டிராஃப்டுக்கான நாள் கட்டணம், மாதக் கட்டணம் எல்லாம் போயின. ஆண்டு வட்டி விகிதம் ஒன்றே விலை. அனுமதியற்றதற்கு அனுமதி பெற்றதைவிட அதிகம் வாங்கக் கூடாது. நூறு பவுண்டுக்கான அந்த 5 பவுண்டு நாள் செலவு 20 பென்ஸுக்கும் கீழே இறங்கும் என்று ஆணையம் மதிப்பிட்டது. இந்த விதிகளின் பின்னணியில் பெரிய வங்கிகள் பலவும் வட்டியை 40 சதவீதத்தை ஒட்டி உயர்த்தின. வரம்புக்குள் நின்று ஒழுங்காகக் கட்டிவந்த பலருக்கு வட்டி இருமடங்குக்கும் மேல் ஏறியது. வேறு யாரோ செய்த தவறுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

அந்தக் கோபத்தில் இரண்டு முறையீடுகள் கலந்திருக்கின்றன. பழைய குறைந்த வட்டி போய்விட்டதே என்பது ஒன்று. அபராதம் நின்றதும் வட்டி ஏறியது என்றால், அந்தச் சலுகையின் ஒரு பங்கு பிறர் கட்டிய அபராதத்தில் நின்றிருந்தது. அதை இழப்பது வருத்தம் தரும். ஆனால் பிறர் துன்பத்தால் கிடைத்துவந்தது நின்றுபோனதை அநீதி என்று சொல்ல முடியாது. இரண்டாவது முறையீடு வேறு. தவறாமல் கட்டியவருக்கும் தவறியவருக்கும் ஏறக்குறைய ஒரே விகிதம் எதற்கு? இது முழு நியாயமான கேள்வி. விதி கேட்டது எளிய, ஒளிவுமறைவற்ற விலையை. 40 சதவீதத்தை அது கேட்கவில்லை. வங்கிகள் ஒன்றையொன்று ஒட்டி விலை வைத்தது ஏன் என்று ஆணையமே 2020 ஜனவரியில் விளக்கம் கேட்டது. அந்த விகிதத்தைத் தேர்ந்தவை வங்கிகள், பொறுப்பும் அவற்றுடையதே.

ஓவர்டிராஃப்ட் பயன்படுத்துவோரில் பத்தில் ஏழு பேருக்கு நன்மை அல்லது மாற்றமின்மை என்று ஆணையம் சொன்னது. மிச்சமுள்ள மூவரும் செல்வர்கள் அல்லர். அவர்களில் பலர் மாதக் கடைசியை வரம்புக்குள் நின்று கடப்பவர்கள். சுமை மிக நலிந்த சிலரிடமிருந்து இறங்கி, சற்றே நலிந்த பலர்மீது பரவியது. எப்போதும் இருப்பு வைத்திருப்பவரிடம் அது வரவில்லை. வட்டியில்லாமல் வங்கியில் கிடக்கும் அவருடைய பணமும் ஒரு விலைதான். ஆனால் அடுத்த வேளைச் செலவைக் குறைத்து அவர் அதைக் கொடுப்பதில்லை.

ஆகவே 2020 மாற்றம் சரியானது, முழுமையானது அல்ல. ஒருவர் கட்ட வேண்டியது அவரால் நேர்ந்த செலவும் இடரும் எவ்வளவோ அவ்வளவு என்ற அளவுகோல் இன்னும் நிறைவேறவில்லை. வசதியுள்ளவர் தம் கணக்குக்கு மாதம் சிறு தொகை கொடுக்க நேர்ந்தால், அதைப் பறிமுதலாக எண்ண வேண்டியதில்லை. இதுவரை இன்னொருவர் கட்டிவந்த தம் பங்கைத் தாமே கட்டத் தொடங்குகிறார், அவ்வளவே. நியாயமான வங்கிமுறை வேண்டும் என்று கேட்பவர் எவரும் அந்தப் பங்கை ஏற்கவும் தயாராக இருக்க வேண்டும்.