சொல்லாத நியாயம்

பழிவாங்கும் கதைகளில் வீரன் முதலில் பேசுவான்; பின்னரே கை ஓங்குவான். அப்பேச்சைக் கேட்கும் நாம், அவன் செய்யப்போவது சரியோ தவறோ என ஒரு கணமாவது எடைபோடுவோம். 2023-ஆம் ஆண்டு ஜான் வூ இயக்கத்தில் வெளிவந்த ‘சைலண்ட் நைட்’ என்னும் ஆங்கிலப் படம் அந்த ஒரு கணத்தையும் நமக்குத் தரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், இரு கும்பல்கள் சுட்டுக்கொண்டதில் தவறி வந்த குண்டுக்கு ஒரு சிறுவன் பலியாகிறான். துரத்திச் சென்ற தந்தைக்குத் தொண்டையில் குண்டு பாய்ந்து குரல் போய்விடுகிறது. அடுத்த ஆண்டின் அதே நாளைப் பழிநாளாகக் குறித்துக்கொண்டு அவன் உடலை வலுவாக்குகிறான். படத்தில் உரையாடல் இல்லையென்றே சொல்லலாம்.

இதைப் புதுமையென்று போற்றினோரும் உண்டு. வெறும் உத்தியென்று ஒதுக்கினோரும் உண்டு. அவ்வழக்கு நமக்கு வேண்டாம். பார்த்துக்கொண்டிருந்தபோது நம்முள் நிகழ்ந்தது என்ன? அவன் சொல்லாத நியாயங்களையெல்லாம் அவனுக்காக நாமே சொல்லிக்கொண்டோம். பிறர் எடுத்துரைக்கும் நியாயத்தை மறுக்கலாம். நாமே புனைந்ததை மறுக்க மனம் வருமோ? கண்ணகியும் பழி தீர்த்தவளே. ஆயினும் அவள் அரசவையில் சிலம்பை உடைத்து வழக்குரைத்தாள். கேட்ட பாண்டியனுக்குத் தன் பிழையை உணர இடமிருந்தது. இங்கே கொல்லப்படுவோருக்கு அவ்விடம் இல்லை. இருந்தாலும் அவர்கள் உணர்ந்திருக்கமாட்டார்கள் என்று தோன்றுகிறதன்றோ? அதுவும் நாம் சொல்லிக்கொண்டதே.

அச்சிறுவனுக்குத் தாயும் இருந்தாள். அதே பிள்ளையைப் பறிகொடுத்த அவள், பழி தேடாமல், கணவனின் மௌனத்தைத் தாங்கமாட்டாது வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். எங்கே சென்றாள் என்று கேட்க அவ்வேளையில் நமக்குத் தோன்றவேயில்லை. தந்தை கத்தி பழகும் காட்சிக்கு நாம் காத்திருந்தோம்.