மாண்டவர் பேரில் நிற்கும் பாக்கி

பகையாளி செத்தால் சந்தோஷப்படலாமா என்பது, மனிதன் பகைக்கத் தொடங்கிய நாள் முதலாய் இருந்துவரும் கேள்வி. வீட்டுக்கு வீடு உள்ள பகையில் இதற்கு விடை சொல்வது சுலபம். செத்தவர் ஒரு நாட்டையே பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவராயிருந்து, அவரால் வாழ்ந்தோம் என்று ஒரு சாராரும், அவரால் கெட்டோம் என்று மற்றொரு சாராரும் எதிரெதிரே நின்றால் அப்போது என்ன சொல்வது? இதைச் சிந்திக்க 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் நடந்த சங்கதியைப்போல் பொருத்தமானது வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. அதை எடுத்துப் பேசுவதில் ஒரு சௌகரியமும் உண்டு. அது நம் ஊர் அரசியல் அல்ல. ஆகவே இதைப் படிக்கும் சகோதரர்கள் எந்தக் கட்சிக்காரராயிருந்தாலும் கோபமில்லாமல் படிக்கலாம்.

1979 முதல் 1990 வரை பிரிட்டிஷ் பிரதமராயிருந்த மார்கரெட் தாட்சர் அம்மையார் 2013 ஏப்ரல் 8-ஆம் தேதி லண்டன் ரிட்ஸ் ஹோட்டலில், பக்கவாதத்தால், 87-ஆவது வயதில் காலஞ்சென்றார். அம்மையார் எங்கே பிறந்து வளர்ந்தவர் என்பது நம்மவரில் பலருக்குத் தெரிந்திராது. கிரான்தம் என்னும் சிறு பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள் அவர். கீழே கடை, மேல்மாடியில் குடியிருப்பு. நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்து கடை போட்டுப் பிழைத்ததும் இந்த மாதிரித்தானே! வரவுக்கு மேல் செலவு செய்யாதே என்ற கடைக்காரன் புத்தியையே ராஜ்யத்துக்கும் வைத்து ஆண்டார் என்று அவரை மெச்சுவோர் சொல்வர். கடையில் ஓடாத சரக்கைத் தள்ளிவிடலாம், ராஜ்யத்தில் ஓடாத ஊரைத் தள்ளிவிட முடியுமா என்று மற்றவர் கேட்பர். இரண்டும் கேட்கத்தக்க பேச்சே.

அவருடைய ஐந்தொகையை நாம் இங்கே போட்டு முடிக்கப் போவதில்லை. ஆனாலும் இரண்டு பக்கத்திலும் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்றாவது பார்க்க வேண்டும். நகரசபைகளுக்குச் சொந்தமான வாடகை வீடுகளில் குடியிருந்த ஏழை எளியவர்கள், 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள முடிந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இப்படிக் கைமாறின. வாடகைக்கு இருந்தவன் வீட்டுக்காரனானான். அவன் எப்படி அவரை மறப்பான்? 1982-இல் பாக்லாந்து தீவுகளை ஆர்ஜென்டினா பிடித்தபோது படையனுப்பி மீட்டார். அந்த யுத்தத்தில் பிரிட்டன் பக்கம் 255 பேரும் ஆர்ஜென்டினா பக்கம் 649 பேரும் மாண்டார்கள். 1984-இல் பிரைட்டன் நகரில் அவர் தங்கியிருந்த ஹோட்டலிலேயே வெடிகுண்டு வைத்தார்கள். ஐந்து பேர் இறந்தனர், அவர் தப்பினார், அன்று காலையே குறித்த நேரத்தில் கட்சி மாநாட்டுக்குப் போய் உட்கார்ந்தார். அந்தத் துணிவைப் பகைவரும் மறுக்கவில்லை.

மற்றப் பக்கத்தில் இருப்பது நிலக்கரி. சுரங்கங்களை மூடும் திட்டத்தை எதிர்த்து 1984 மார்ச்சில் தொடங்கிய தொழிலாளர் வேலைநிறுத்தம் 1985 மார்ச் வரை ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்தது. தொழிலாளர் தோற்றார்கள். பிறகு சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சுரங்கத்தை நம்பியே இருந்த ஊர்களில் கடைத்தெருவும் சேர்ந்து படுத்தது. வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்டேட் துண்டாடப்பட்டு ஜனங்கள் வெளியேறிய இடத்தில் மளிகைக் கடை என்ன கதியாயிற்று என்பதை நம் குடும்பங்கள் கண்டிருக்கின்றன. நாடு முழுவதிலும் வேலையில்லாதவர் தொகை 1982-இல் முப்பது லட்சத்தைத் தாண்டியது. தலைக்கு இவ்வளவு என்று போட்ட வரியை எதிர்த்து 1990 மார்ச் 31-இல் லண்டன் டிரபல்கர் சதுக்கத்தில் பெருங் கலகம் மூண்டது. அந்த வருஷக் கடைசியிலே அவருடைய சொந்தக் கட்சியாரே அவரை இறக்கிவிட்டார்கள்.

நமக்கும் அவருக்கும் ஒரு சிறு கணக்கு இருந்ததுண்டு. வெளிநாட்டு மாணவருக்கு அவர் அரசாங்கம் கட்டணத்தை ஏற்றியது. 1981 செப்டம்பரில் கத்ரி கம்பெனியின் பங்குகளை மலேசியா லண்டன் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் வாங்கி முடித்ததும், அங்கே பங்கு வாங்கும் விதிகளை மாற்றினார்கள். இந்த மனத்தாங்கல்களால் அக்டோபரில் பிரதமர் மகாதீர், பிரிட்டிஷ் சரக்கு கடைசியாகத்தான் என்ற கொள்கையை அறிவித்தார். 1983 வரை அது நடந்தது. நிற்க.

அம்மையார் இறந்த செய்தி வந்த அன்றிரவே லண்டனில் பிரிக்ஸ்டன் வட்டாரத்திலும் கிளாஸ்கோ நகரச் சதுக்கத்திலும் பிரிஸ்டலிலும் கூட்டம் கூடிக் குடித்து ஆடிக் கொண்டாடினார்கள். பிரிக்ஸ்டனில் ஒரு சினிமாக் கொட்டகை வாசலில் படத்தின் பெயர் வைக்கும் எழுத்துகளைக் கழற்றி, அம்மையார் செத்தார் என்ற வாசகமாக மாற்றி வைத்தார்கள். 1939-ஆம் ஆண்டு வந்த ஒரு குழந்தைகள் படத்தில் சூனியக்காரி செத்தாள் என்று பாடும் பாட்டு உண்டு. அதை ஆயிரக்கணக்கானவர் காசு கொடுத்து வாங்க, அந்த வாரம் விற்பனைப் பட்டியலில் அது இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. பி.பி.சி. வானொலி அதை முழுதாகப் போடவும் துணியவில்லை, போடாமல் இருக்கவும் துணியவில்லை. செய்தி அறிக்கையின் நடுவே சுமார் ஐந்து விநாடி மட்டும் ஒலிபரப்பியது. அம்மையாரின் ஆதரவாளர்களும் சும்மாயிருக்கவில்லை. அவர்மேல் பிரியம் என்று சொல்லும் வேறொரு பழைய பாட்டைத் தேடி வாங்கினார்கள். அது 35-ஆவது இடத்தோடு நின்றது. இரண்டு கட்சியாலும் லாபம் கண்டவர் பாட்டு வியாபாரி ஒருவரே!

17-ஆம் தேதி செயின்ட் பால் பேராலயத்தில் ராணுவ மரியாதைகளோடு இறுதிச் சடங்கு. மாட்சிமை தங்கிய எலிசபெத் ராணியார் வந்திருந்தார். 1965-இல் சர்ச்சிலுக்குப் போனதன்பின் ஒரு பிரதமரின் இறுதிச் சடங்குக்கு அவர் போனது அதுவே முதல் தடவை. பிக் பென் மணியை அன்று ஒலிக்காமல் நிறுத்தினார்கள். அதே நாளில் கோல்ட்தார்ப் என்ற பழைய சுரங்கக் கிராமத்தில் ஓர் உருவப் பொம்மையைச் சவப்பெட்டியில் வைத்து வண்டியில் இழுத்துப்போய்க் கொளுத்தினார்கள்.

இறந்தவரைப் பழித்துப் பேசக்கூடாது, அவ்வளவுதானே என்று சிலர் இதை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவர். எனக்கு அது போதவில்லை. தனி மனிதன் ஒருவன் குடித்தான், சீட்டாடினான், அண்டை வீட்டாரோடு சண்டை போட்டான் என்றால், அவன் மௌத்தோடு அவன் குற்றமும் மண்ணுக்குள் போய்விடுகிறது. அதைத் தோண்டுவது ஈனச் செயல். நாட்டை ஆண்டவர் விஷயம் அப்படியல்ல. அவர் கண்ணை மூடினாலும் அவர் போட்ட உத்தரவு கண்ணை மூடுவதில்லை. மூடிய சுரங்கம் மூடியபடிதான் இருக்கிறது. விற்ற வீடு விற்றதுதான். புகழ்வோர், அவர் செய்ததெல்லாம் இன்றும் நாட்டில் நிற்கிறது என்று சொல்லிப் புகழ்கிறார்கள். அப்படியானால் இகழ்வோரை மட்டும், செத்தவரைப் பற்றிப் பேசாதே என்று தடுப்பது என்ன நியாயம்? வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாமல் விடும் கணக்கப்பிள்ளையை நாம் ஒரு நாள் பெட்டியடியில் உட்கார விடுவோமா?

நம் ஜனாஸாக்களில் நடக்கும் ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தொழுகைக்கு நிற்கும்போது வாரிசுகளில் ஒருவர் ஜமாஅத்தார் முன் வந்து, மையித் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் பாக்கி வைத்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்கிறார். அப்போது ஒருவர், எனக்கு இவ்வளவு வரவேண்டும் என்று சொன்னால் அதை யாரும் மரியாதைக் குறைவாக எண்ணுவதில்லை. கடன் சொல்வது பழி சொல்வதல்ல. சொல்லாமல் விட்டால் மையித்துக்கே பாரம். ஆனால் பாக்கி உள்ளவர் அங்கே பட்டாசு கொளுத்துவதில்லை. ஒரு யூதரின் ஜனாஸா போனபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதும், கேட்டவர்களுக்கு அதுவும் ஓர் ஆத்மா அல்லவா என்னும் கருத்துப்பட விடை சொன்னதும் நாம் ஓதிய கிதாபுகளில் உள்ளதே. எழுந்து நிற்பதும் பாக்கியைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பது என் அபிப்பிராயம்.

கொண்டாட்டத்தின் பேரில் எனக்குள்ள குறை அது அநாகரிகம் என்பது மட்டுமல்ல. அது புத்திசாலித்தனமுமல்ல. அம்மையாரின் அதிகாரம் போனது 1990-இல். கொண்டாடுவதற்கு அன்று ஒரு காரணமாவது இருந்தது. 2013-இல் போனது முதுமையால் நினைவு தடுமாறி, கணவரையும் பத்து வருஷம் முன்பே இழந்துவிட்ட ஒரு கிழவியின் உயிர். அதை எந்தச் சுரங்கத் தொழிலாளியும் வெல்லவில்லை, காலம் வென்றது. நமக்கு ஆயிரம் வெள்ளி தரவேண்டியவர் மௌத்தாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவன் தெருவில் சர்க்கரை வழங்கினால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? இவனுக்கு வேண்டியது பணமல்ல, அவர் சாவுதான், அது கிடைத்துவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்றுதானே நினைப்பார்? தன் கைச்சீட்டைத் தானே கிழித்துப் போட்டதாகாதா அது? அங்கே நடந்ததும் அதுதான். பல நாள் வரைக்கும் பத்திரிகைகள் பாட்டைப் பற்றியும் கூத்தைப் பற்றியும் விவாதித்தன. கோல்ட்தார்ப் போன்ற ஊர்களில் வேலை என்ன ஆயிற்று என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. தாட்சர் பக்கத்தாருக்கு இதைவிட நல்ல உதவியை வேறு யார் செய்திருக்க முடியும்?

ஆனாலும் கோல்ட்தார்ப்காரர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர்கள் பட்டவர்கள். பட்டவன் புத்தியோடு நடக்க வேண்டும் என்று கடைக்குள் விசிறிக்கடியில் உட்கார்ந்து கொண்டு நாம் சொல்வது எளிது. பட்டணத்தில் ஆடிய இளைஞரில் பலர் அம்மையார் பதவி இறங்கும்போது பிறந்தே இராதவர்கள். தகப்பன் பட்ட துயரம் மகனுக்கும் துயரந்தான், அதை மறுக்க மாட்டேன். யாரோ பட்டதை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு இரவு ஆடிவிட்டுப் போவது வேறு.

இறந்தவர் காதில் பாட்டு விழாது. பேராலயத்தில் அன்று வேதம் வாசிக்க எழுந்து நின்றது அம்மையாரின் பேத்தி, 19 வயதுப் பெண். சுரங்கத்தை மூடியது அந்தப் பெண்ணல்ல.

அந்த நாட்களில் நடந்தவற்றில் என் மனத்துக்குப் பிடித்தவை இரண்டு. ஏப்ரல் 10-இல் பார்லிமெண்டு கூடிப் பல மணி நேரம் புகழுரை நடந்தபோது, எதிர்க்கட்சியைச் சேர்ந்த கிளெண்டா ஜாக்சன் அம்மையார் எழுந்து, இவர் ஆட்சியால் என் தொகுதி ஜனங்கள் பட்டது இன்னது என்று கூசாமல் எடுத்துச் சொன்னார். ஆளுங் கட்சி அங்கத்தினர் ஒருவர் ஆட்சேபித்தார். சபாநாயகர், முறை தவறியது ஏதும் இல்லை என்று தீர்ப்பளித்தார். சொல்ல வேண்டிய இடத்தில், அவருடைய கட்சியார் முகத்துக்கு நேரே, பெயர் தெரியச் சொன்ன சொல் அது. இன்னொன்று, சவ ஊர்வலம் போன வழியில் சிலர் செய்தது. வண்டி வந்ததும் அவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கல் எறியவில்லை. போகிற பிரேதத்துக்கு வழி விட்டார்கள். தாங்கள் வருந்துவதாகப் பொய்யும் காட்டவில்லை.

பொய் என்றதும் நம் வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரமுகர் ஒருவர் மறைந்தால் பத்திரிகையில் கால் பக்கம், அரைப் பக்கம் அனுதாப விளம்பரம் கொடுக்கிறோம். முந்திய வாரம் வரை கல்லாவுக்குப் பின்னால் அவரைத் திட்டித் தீர்த்தவர் கடைப் பெயரும் அதில் இருக்கும். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று அச்சாகும். லைசென்சு, கான்ட்ராக்ட், யார் கண்ணில் படும் என்ற கணக்கு எல்லாம் அதற்குள்ளே இருக்கிறது. பிரிக்ஸ்டனில் ஆடியவன் மனத்தில் இருந்ததையாவது ஆடினான். இரண்டு கட்சிக்காரரும் நம் கடைக்கு வருகிறார்களே என்றால், வாயை மூடிக்கொண்டிருக்க நமக்கு உரிமை உண்டு. உறவினரைக் கண்டு கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல உரிமை உண்டு. பெரிய எழுத்தில் பொய்யை விலை கொடுத்து அச்சடிக்க யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

தாட்சர் அம்மையாருக்கு வெண்கலச் சிலை ஒன்று செய்தார்கள். பார்லிமெண்டுக்கு எதிரே வைக்க 2018-இல் அனுமதி கிடைக்கவில்லை. 2022 மே மாதம் அதைக் கிரான்தத்திலேயே, தகப்பனார் கடை வைத்திருந்த அதே ஊரில், சுமார் 10 அடி உயரப் பீடத்தின்மேல் ஏற்றினார்கள். கை எட்டாமலிருக்கட்டும் என்றுதான் அவ்வளவு உயரம். சில மணி நேரத்துக்குள் ஒருவர் முட்டை எறிந்துவிட்டார். அவருக்குப் பிற்பாடு 90 பவுன் அபராதம் விதித்தார்கள். முட்டை எந்த மளிகைக் கடையில் வாங்கியதோ, அறியோம்.