தனக்குத் தானே சாட்சி

நேர்முகப் பரீட்சைகளில் பெரும்பாலும் முதலில் வருகின்ற வினா மிக எளிமையானது: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." இந்த வினாவின் முன்னால்தான் நமது பிள்ளைகள் பலர் தடுமாறிப் போகின்றனர். பட்டச் சான்றிதழ் கையில் இருக்கும், பாடமும் தெரியும். ஆனால் தன்னைப் பற்றித் தானே பேசுவது பெருமையடிப்பதாகும் என்று உம்மாவும் வாப்பாவும் ஊட்டி வளர்த்த அடக்கம் நாவைப் பிடித்துக்கொள்ளும். இவர்களுக்கு நேர்மாறான இன்னொரு சாராரும் உள்ளனர். வழிகாட்டி நூல்களில் மனனம் செய்த விடைகளை ஒப்புவிப்பவர்கள் அவர்கள். செய்யாத வேலையையும் சுயவிபரக் கோவையில் ஏற்றிக்கொள்ளத் தயங்காதவர்கள்.

முதலாமவர் உள்ளதை மறைக்கிறார். இரண்டாமவர் இல்லாததைச் சேர்க்கிறார். நாம் குற்றம் காண்பது இரண்டாமவரிடம் மட்டுமே. முதலாமவரின் மௌனத்தை நேர்மை என்று சொல்லிவிட முடியுமா?

நேர்முகப் பரீட்சை என்பது ஒருவர் தன்னைப் பற்றித் தானே அளிக்கும் சாட்சியம் என்றே நான் கருதுகிறேன். சாட்சி சொல்பவர் கூட்டியும் சொல்லலாகாது, குறைத்தும் சொல்லலாகாது. ஒரு பாடசாலைக்கு நல்ல கணித ஆசிரியர் தேவைப்படுகின்ற வேளையில், கற்பிக்கும் திறனுள்ளவர் அடக்கத்தின் பேரால் வாய்மூடி இருந்துவிட்டால், நட்டப்படுவது அவரும் அப்பாடசாலையின் பிள்ளைகளும்தாம்.

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. எகிப்திய மன்னரிடம் களஞ்சியங்களின் பொறுப்பை அவர்கள் தாமாகவே கேட்டார்கள். அப்போது முன்வைத்த தகுதிகள் இரண்டே: பாதுகாக்கும் பண்பும் அறிவும். குலச் சிறப்பையோ, அழகையோ, சிறையில் பட்ட துன்பத்தையோ அங்கே சொல்லவில்லை. களஞ்சியத்துக்கு எது வேண்டுமோ அதனை மட்டுமே சொன்னார்கள். அச்சொல்லுக்குப் பின்னால் செயலும் இருந்தது. மன்னரின் கனவுக்கு விளக்கம் கூறி, செழிப்பான ஏழு வருடங்களில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கும் முறையையும் ஏற்கனவே அறிவித்திருந்தார்கள்.

ஆயத்தம் செய்வதற்கான வழியும் இதிலேயே இருக்கிறது. வர்த்தமானியிலோ பத்திரிகையிலோ வந்த விளம்பரத்தை எடுத்து, அப்பதவிக்குரிய கடமைகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தான் செய்த ஒரு காரியத்தைக் குறிக்க வேண்டும்: பிரச்சினை என்ன, அதில் தன் பங்கு எது, விளைவு என்ன. "எனக்குக் கணக்கு வைக்கத் தெரியும்" என்பது வெறும் கூற்று. "ஊர் வாசிகசாலையின் ஒரு வருடக் கணக்கை எழுதினேன், விடுபட்டிருந்த பற்றுச்சீட்டுகளைத் தேடிச் சேர்த்தேன்" என்பது சாட்சியம். பிறர் உழைப்பை "நான் செய்தேன்" என்று விழுங்குவதும், தன் உழைப்பை "எல்லோரும் செய்தோம்" என்று ஒளிப்பதும் அச்சாட்சியத்தைக் கெடுக்கும். இவற்றை வீட்டில் ஒருவர் முன்னால் உரத்துச் சொல்லிப் பழகுவதை நடிப்பென்று எண்ண வேண்டாம். உள்ளதைத் தடுமாறாமல் சொல்வதற்கே அந்தப் பழக்கம்.

இல்லாததை இல்லையென்று சொல்லவும் ஆயத்தம் வேண்டும். "சிங்களம் நன்றாகத் தெரியுமா?" என்று கேட்கும்போது, "பேசினால் விளங்கும், எழுதுவது கடினம், இப்போது படித்து வருகிறேன்" என்பவர் சில புள்ளிகளை இழக்கக்கூடும். "நன்றாகத் தெரியும்" என்று சொல்லி நியமனம் பெற்றவரோ, அலுவலகத்துக்கு வரும் முதலாவது சிங்களக் கடிதத்தின் முன்னால் திகைத்து நிற்பார். அக்கடிதத்தை எழுதிய ஏழை பதிலின்றி அலைவார். பொய்யின் விலையைக் கொடுப்பது சொன்னவர் மட்டுமல்லர்.

ஆனால் மேசையின் மறுபக்கத்தில் இருப்போருக்கும் கடமை உண்டு. 2008இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், சமந்தா இலாஃப் என்ற இளம் பெண் அபர்குரொம்பி அன்ட் ஃபிட்ச் நிறுவனத்தின் ஆடைக்கடை ஒன்றில் நேர்முகப் பரீட்சைக்கு ஹிஜாப் அணிந்து சென்றார். அவரை நேர்கண்டவர் தகுதியானவர் என்றே மதிப்பிட்டார். எனினும் ஹிஜாப் நிறுவனத்தின் தோற்ற விதிக்கு முரணானது என்று மேலாளர் கருதியதால் வேலை கிடைக்கவில்லை. அவரிடம் அதுபற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. விதிவிலக்கு வேண்டுமென அவர் கோரவில்லையே என்பது நிறுவனத்தின் வாதம். 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் அவ்வாதத்தை நிராகரித்தது. கேட்டு அறிய வேண்டியதைத் தாமே ஊகித்துத் தீர்ப்பளிக்கும் பரீட்சகருக்கு இதில் பாடமுண்டு.

அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வும் கவனத்துக்குரியது. அதில், நேர்காணப்பட்ட சிலர் வேண்டுமென்றே பொருத்தமற்ற ஒழுங்கில் தற்செயலாக விடைகளைத் தந்தனர். அப்படியிருந்தும், நேர்கண்டவர்கள் எதிரே இருந்தவரை அறிந்துகொண்டதாகவே நம்பினர். சிறிது நேர உரையாடலில் ஒரு மனிதரை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியானது.

ஆகவே, தெரிவாகாமல் வீடு திரும்பும் பிள்ளையிடம் "ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்கும் முன்னர், "உள்ளதைச் சொன்னாயா?" என்று கேட்போம். சொல்லியிருந்தால் தன் பங்கை அப்பிள்ளை நிறைவேற்றிவிட்டது. அடுத்த விண்ணப்பத்தைத் தலைநிமிர்ந்து எழுத அதுவே போதும்.