ஒன்பது மணிக்கு ஒரு கதை

இத்தாலியப் பத்திரிகையாளர் ஜானி ரோதாரியின் ‘தொலைபேசிக் கதைகள்’ 1962இல் வெளிவந்தது. அதில் வரும் வரேசே ஊர்க்காரர் பியாங்கி மருந்து விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் ஆறு நாள் இத்தாலி முழுக்கச் சுற்றுகிறார். மகளோ கதை கேட்காமல் தூங்க மாட்டாள். ராத்திரி ஒன்பது மணி அடித்ததும், எந்த ஊரில் இருந்தாலும், வீட்டுக்கு ஃபோன் போட்டு ஒரு கதை சொல்கிறார். வெளியூர் அழைப்புக்கு அவர்தான் கைக்காசு கொடுக்க வேண்டும். அதனால் கதைகள் எல்லாம் சின்னச் சின்னவை. அவர் பேச ஆரம்பித்தால் எக்ஸ்சேஞ்ச் பெண்கள் மற்ற அழைப்புகளை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம்.

இப்படி ஓர் ஏற்பாடு பத்திரிகைக்காரருக்குத்தான் தோன்றும். இடம் இவ்வளவு, நேரம் இவ்வளவு, அதற்குள் முடித்துக் கொடு. முழுநேர நாவலாசிரியர் ஃபோன் பில்லைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பாரா, சந்தேகம்தான்.

•

ரோதாரி பிறந்தது 1920, ஓர்த்தா ஏரிக்கரையில் உள்ள ஒமேஞ்ஞாவில். அப்பா ரொட்டி சுடுபவர். கொட்டும் மழையில், தேங்கிய தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பூனைக்குட்டியைக் காப்பாற்றப் போனார். தொப்பலாக நனைந்து வந்து, அடுப்பில் முதுகைச் சாய்த்துக் குளிர்காய்ந்தார். நடுக்கம் நிற்கவில்லை. ஏழு நாளில் நிமோனியாவில் போய்விட்டார். பென்சிலின் வராத காலம்.

பின்னாளில் ரோதாரி இதை ஒரு செய்திக் குறிப்பு மாதிரி சில வரிகளில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தச் சில வரிகளை என்னால் அவ்வளவு சீக்கிரம் தாண்ட முடியவில்லை.

•

ஆசிரியர் பயிற்சி முடித்ததும், 1938இல், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஒரு யூதக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழி சொல்லிக் கொடுத்தார். ஹிட்லரிடமிருந்து தப்பிவிட்டோம் என்று நம்பியிருந்தார்கள். அந்த வருஷமே இத்தாலியிலும் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்தன. அவர்கள் வேறு புகலிடம் தேடிக் கிளம்பினார்கள்.

•

1947, மிலான். கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான ‘லூனிதா’வில் வேலை. சிறுவர் எழுத்தாளர் ஆகும் எண்ணமே இல்லை. ஞாயிறு பக்கத்துக்குப் பிள்ளைகளுக்காக ஏதாவது வேடிக்கையாக எழுதச் சொன்னார்கள், எழுதினார். அதைப் படித்த தொழிலாளர் வீடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன: என் பிள்ளைக்கு ஒரு பாட்டு எழுதுங்கள், இன்ன வேலை பார்க்கிற அப்பாவைப் பற்றி எழுதுங்கள்.

செய்தி எழுதுகிறவருக்கு வருவது பெரும்பாலும் மறுப்புக் கடிதம். கேட்டு வாங்கிப் படிக்கிற வாசகர் கிடைத்தால் யாருக்குத்தான் திசை மாறாது?

•

1950இல் ரோமுக்குப் போய் ‘பியோனியேரே’ என்ற சிறுவர் வார இதழை நடத்தினார். 1951இல் சிப்பொல்லீனோ என்ற வெங்காயப் பையனின் கதை வந்தது. கூட்டத்தில் அவன் அப்பா எலுமிச்சை இளவரசனின் காலை மிதித்துவிடுகிறார், அதற்குச் சிறை. சோவியத் நாட்டில் இந்தக் கதை கார்ட்டூனாகவும் பாலேயாகவும் ஆனது. சொந்த நாட்டைவிட அங்கேதான் ரோதாரிக்கு முதலில் பேர். அரசியல் நெடி கொஞ்சம் தூக்கல்தான். எனக்குப் பிடித்தவை பின்னால் வந்த சின்னக் கதைகள்.

•

‘பத்திரிகையிலிருந்து குழந்தை இலக்கியத்துக்கு வந்தவர்’ என்று அவரை அறிமுகம் செய்வார்கள். வந்தார், ஆனால் பத்திரிகையை விட்டுப் போய்விடவில்லை. 1958இல் ‘பாயேஸே ஸேரா’ நாளிதழில் சேர்ந்தார். 1970இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது கிடைத்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. காலையில் நாட்டு நடப்பு, மாலையில் கதை என்று பிரித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. குண்டு, பசி, தொழிற்சாலை எல்லாம் கதைகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

•

1972 மார்ச்சில் ரெஜ்ஜோ எமிலியாவில் ஆசிரியர்களோடு சில நாள் உட்கார்ந்து, கதை பிறக்கும் வழிகளைப் பேசினார். அடுத்த வருஷம் அது ‘கற்பனையின் இலக்கணம்’ என்று புத்தகமானது. அதில் ஒரு வழி: கரும்பலகையின் முன்பக்கத்தில் ஒரு பிள்ளை ஒரு சொல் எழுத வேண்டும், பின்பக்கத்தில் இன்னொரு பிள்ளை. ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியக்கூடாது. நாய் என்று ஒன்று, அலமாரி என்று ஒன்று. குதிரையும் நாயும் என்றால் பிரயோசனமில்லை, ரொம்பச் சொந்தம். நாயின் அலமாரி, அலமாரிமேல் நாய், அலமாரிக்குள் நாய். மூன்றும் மூன்று கதை. மூன்றாவதை எடுத்துக்கொண்டால், அலமாரியைத் திறக்கப் போவது யார், அந்த நாய் எத்தனை நாளாக உள்ளே இருக்கிறது, அதற்குச் சாப்பாடு யார் போட்டார்கள் என்று நிருபரின் கேள்விகள் தாமாக வந்து நிற்கும்.