காதலிக்காக வருந்திய சக்கரவர்த்தி

2001இல் சந்தோஷ் சிவன் இயக்க, ஷாருக் கான் அசோகனாகவும் கரீனா கபூர் கௌர்வகியாகவும் நம் அஜித் குமார் சுசீமனாகவும் நடித்த ‘அசோகா’ படத்தைப் பார்த்து எழுந்தவன் நெஞ்சில், கலிங்கத்தில் மாண்ட லட்சம் பேரைவிட இரு காதலரின் பிரிவே மேலோங்கி நிற்குமாயின், அப்படத்தின் சாமர்த்தியமும் அபராதமும் அவ்விடத்திலேயே ஒருங்கு காணப்படும்.

அசோகனின் அலகாபாத்துத் தூணில், மாந்தோப்பும் தோட்டமும் அறச்சாலையும் தானம் செய்த இரண்டாம் தேவியாக, தீவரனின் தாயாகப் பெயர் பொறிக்கப்பெற்ற காருவாகியைக் கலிங்க நாட்டு இளவரசியாக்கியதை நான் குறை சொல்லவில்லை. கற்பனைக்கு அவ்வளவு சுதந்திரம் உண்டு. ஆனால் போர்க்களத்தில் காதலியையும் உயிர் பிரியும் சிறுவனையும் கண்ட பிறகே சக்கரவர்த்தியின் மனம் கரைகிறதென்றால், அவள் மட்டும் வேறு தேசத்தில் சௌக்கியமாக இருந்திருந்தால் கலிங்கத்துக்காக அவன் வருந்தியிருப்பானா என்ற கேள்வி எழாமற் போகாது. தன்னைச் சார்ந்தவர்க்கு நேர்ந்ததற்காக வரும் துக்கம் பற்றின் பாற்பட்டது. பௌத்தம் கருணை என்று போற்றுவதோ, தனக்கு யாருமாகாத உயிரின் துன்பத்துக்கும் நெஞ்சு இளகுவதை.

சக்கரவர்த்தியின் பதின்மூன்றாம் பாறைச் சாசனம் இவ்விஷயத்தில் படத்தைக் காட்டிலும் நுட்பமானது. முடிசூடி எட்டாண்டு கழிந்து நிகழ்ந்த அப்போரில் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டதையும், 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும், அதனினும் பன்மடங்கினர் மடிந்ததையும் கூறிவிட்டு, தமக்கொரு தீங்கும் நேராதிருந்தும் நண்பரும் உறவினரும் பட்ட பாட்டினால் நொந்தவர்களையும் அது கணக்கில் சேர்க்கிறது. (ஜயங்கொண்டார் வேறொரு கலிங்கப் போரைப் பாடியபோது தம் பரணியின் கடைதிறப்பில் சிருங்காரத்தை வைத்தார், ஆயினும் பிணங்களை மறைக்கவில்லை, பேய்களைக் கூழே அடச் செய்தார். அவரிடம் இரக்கம் இல்லை எனலாம், ஒளிவு இல்லை.)

சாசனமும் மாசற்றதன்று. அதே கல்லில், காட்டுக்குடிகளை நோக்கி, வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தன்னிடம் உண்டென்று அரசன் எச்சரிக்கிறான். மேற்கே கல்வராயன் மலையையும் அங்கிருந்து இறங்கி வரும் மலையாளி மக்களையும் பார்த்தவாறு வாழும் சங்கராபுரத்தானுக்கு அந்த வரியை எளிதில் தாண்டிப் போக முடிவதில்லை. அன்றியும், அடிபட்டவர்களின் மண்ணாகிய தௌலியிலும் ஜௌகடாவிலும் இந்தப் பதின்மூன்றாம் சாசனம் வெட்டப்படவே இல்லை. அதனிடத்தில், அதிகாரிகள் நியாயம் தவறாதிருக்க வேண்டுமென்பது முதலான தனிச் சாசனங்களே அங்குள்ளன. அவற்றைப் பூச நாள்தோறும் படித்துக் கேட்பிக்க வேண்டுமென்பது ஆணை. கடத்திச் செல்லப்பட்ட மகனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அவ்வாசகத்தைத் தௌலிப் பாறையை அடுத்திருந்த தோசலி நகரத்தார் பூசத்துக்குப் பூசம் கூடிநின்று எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதைப் படமெடுக்க ஒருவர் முன்வருவாராயின், அதில் காதலுக்கும் தாராளமாக இடமிருக்கும் என்றே நினைக்கிறேன்.