கேமரா யாரைப் பார்க்க வேண்டும்?

2024 ஏப்ரல் 19 அன்று நீலகிரி மக்களவைத் தொகுதியில் வாக்குப்பதிவு நடந்தது. வாக்கு இயந்திரங்கள் ஊட்டி அரசு பாலிடெக்னிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. அறைகளுக்குச் சீல் வைத்தார்கள், சுற்றிலும் கேமரா பொருத்தினார்கள். கட்சி முகவர்கள் திரையில் அந்த அறைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பது ஏற்பாடு. ஏப்ரல் 27 மாலை அந்தத் திரைகள் ஏறக்குறைய 20 நிமிடம் இருண்டுபோயின. அதிக வெப்பத்தால் வந்த கோளாறு என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது.

அடுத்த இரண்டாவது நாள், ஏப்ரல் 29 அன்று, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மே 7 முதல் அது அமலுக்கு வந்தது.

இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் ஒரே மலையில், ஒரே வாரத்துக்குள், பார்வையின் இரண்டு திசைகள் இங்கே தெரிகின்றன. முதலாவதில் அரசு தன் பொறுப்பில் வைத்திருக்கும் பொருளை மக்கள் பார்க்கிறார்கள். இரண்டாவதில் மக்களின் போக்குவரத்தை அரசு பார்க்கிறது. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, அது யாரிடமிருந்து யாரைப் பார்க்கிறது என்று கேட்பது எனக்கு உதவியாக இருக்கிறது.

இ-பாஸுக்கு நியாயமான காரணம் இருந்தது. சீசனில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்கு வருவதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மே மாதத்தில் குன்னூர் மலைப்பாதையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலை எவ்வளவு தாங்கும் என்று ஐஐடி மெட்ராஸும் ஐஐஎம் பெங்களூரும் ஆய்வு செய்ய ஒரு கணக்கு வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பாஸ். 2025 ஏப்ரலிலிருந்து உச்சவரம்பும் வந்தது: வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. பிழைப்பு போகுதே என்று வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அந்தச் சண்டையில் பாஸுக்காகக் கொடுக்கும் தகவலைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை.

வண்டியை எண்ண வண்டி நம்பர் போதும். படிவமோ செல்போன் எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கிறது. "மறைக்க என்ன இருக்கு, கொடுத்துட்டுப் போ" என்பது நம்ம ஊரில் வழக்கமான பதில். ஆனால் யார் யாரோடு எந்த ஊரில் எத்தனை இரவு தங்கினார்கள் என்பது வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட ஜோடிக்கு உயிர் விஷயம். சாதி மாறிக் காதலித்தவர்களைத் தேடிப் போய் வெட்டுகிற மாநிலத்தில்தான் நாம் இருக்கிறோம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைத்தால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையானதைத் தாண்டக் கூடாது. ஒரு வேடிக்கை என்னவென்றால், அரசு பஸ்ஸில் ஊட்டிக்கு வருகிறவருக்கு இ-பாஸ் கிடையாது. டிக்கெட் எடுத்தால் போதும், பேர் சொல்லாமல் மலை ஏறலாம்.

இப்போது எதிர்த் திசைக்கு வருவோம். 2024 டிசம்பர் 20 அன்று தேர்தல் நடத்தை விதிகளில் 93ஆம் விதி திருத்தப்பட்டது. சிசிடிவி பதிவு போன்ற மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கும் வழி அடைபட்டது. 2025 மே மாதம், தேர்தல் வழக்கு இல்லாவிட்டால் முடிவு வந்த 45 நாளுக்குப் பிறகு பதிவுகளை அழித்துவிடலாம் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. வழக்குப் போடுவதற்கான கெடுவும் அதே 45 நாள்தான். ஆக, பதிவைப் பார்க்காமலேயே வழக்குப் போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும், தனிப்பட்ட தகவல் என்றால் தர மறுக்கும் வழி 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)ஆம் பிரிவால் அகலமாகியிருக்கிறது. இவற்றுக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று: அந்தரங்கம்.

இந்தக் காரணத்தைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. ஒரு தேயிலை எஸ்டேட்டை நினைத்துப் பாருங்கள். லைன் வீட்டில் யார் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்பது வரை சூப்பர்வைசருக்குத் தெரியும். வேலையும் வீடும் ஒரே முதலாளி கையில். அங்கே வாக்குச்சாவடிப் பதிவு வெளியே வந்தால் யார் வந்தார், யார் வரவில்லை, யாரோடு சேர்ந்து வந்தார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஓட்டுப் போடாமல் இருந்ததற்கும் பழிவாங்கலாம். அந்தப் பெண்ணுக்கு அந்தரங்கம் வேண்டும், சந்தேகமே இல்லை.

ஆனால் பாலிடெக்னிக்கில் சீல் வைத்த அறையின் பதிவில் எந்தப் பெண் இருக்கிறாள்? பூட்டும் கதவும் காவலுக்கு நிற்கும் போலீஸும்தான். அங்கே மறைக்க வேண்டிய அந்தரங்கம் யாருடையது? நான் வைக்கும் உரைகல் இதுதான்: படத்தில் இருப்பது தனி மனிதரா, பொறுப்பில் இருக்கும் அலுவலகமா? மனிதர் என்றால் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு பார்க்க வேண்டும், சீக்கிரம் அழிக்க வேண்டும். அலுவலகம் என்றால் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும், நெடுநாள் காக்க வேண்டும். சாவடிப் பதிவில் இரண்டும் கலந்திருக்கும். அதை வேட்பாளர்களின் முகவர்களுக்கு மட்டும், நகல் எடுக்காமல், நீதிபதி ஒருவர் முன்னால் காட்டலாம். சிரமம்தான், முடியாத காரியம் இல்லை.

அந்த 20 நிமிடத்தில் தப்பு எதுவும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று அதிகாரி சொல்வதை ஏற்பதைத் தவிர வாக்காளருக்கு வேறு வழி இல்லாமல் போனது, அதுதான் இழப்பு. சாதாரண ஆளிடம் மட்டும் "மறைக்க என்ன இருக்கு" என்று கேட்கும் பழக்கம் மாற வேண்டும். இ-பாஸிலேயே இந்தத் தகவல் எந்தத் தேதியில் அழியும் என்று அச்சாகட்டும். இயந்திரம் இருக்கும் அறையின் திரையை எந்த வாக்காளரும் பார்க்கலாம் என்று ஆகட்டும். இரண்டையும் செய்து தரும் தொழில்நுட்பம் ஏற்கெனவே அரசின் கையில்தான் இருக்கிறது.